கரோக்கியில் காலியாக இருப்பது யார் நாற்காலி?

கரோக்கி என்ற ஜப்பானியச் சொல்லுக்குக் 'காலி இசைக்குழு' என்று பொருள், இது பலருக்கும் தெரிந்ததுதான். சரி, எது காலி? கேட்டுப் பாருங்கள், "பாடகர் குரல் இருக்காதே, அதனால் காலி" என்றுதான் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் தலைகீழ். பாடகர் மேடையில் நிற்கிறார், பாடுகிறார். காலியாகக் கிடப்பது வாத்தியக்காரர்களின் நாற்காலி.

சொல்லைப் பிரித்தால் இது புரியும். 'கர' என்றால் காலி, வெறுமை. இந்தக் 'கர' நமக்குப் புதிதல்ல, கராத்தேயில் இருப்பதும் இதுதான், வெறுங்கை. (கராத்தேயை முன்பு 'சீனக் கை' என்று பொருள்படும் எழுத்தில்தான் எழுதினார்கள். உச்சரிப்பு ஒன்றே என்பதால் 1930களில் ஒகினாவா ஆசான்கள் எழுத்தை மட்டும் மாற்றி வெறுங்கை ஆக்கிவிட்டார்கள். அது தனிக் கதை.) பின்பாதியான 'ஓகே' ஜப்பானியச் சொல்லே இல்லை. ஆர்க்கெஸ்ட்ரா ஜப்பானிய வாயில் 'ஓகெசுதொரா' ஆகி, அதிலும் தலையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். ரிமோட் கன்ட்ரோலை 'ரிமோகோன்' என்றும் பெர்சனல் கம்ப்யூட்டரை 'பசோகோன்' என்றும் சுருக்குகிற அதே கத்தரி. ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு, பழைய கிரேக்க அரங்கில் குழுவினர் ஆடிப்பாடிய வட்டக் களத்துக்குத்தான் அந்தப் பெயர். ஆக ஒரு பாதி ஜப்பான், ஒரு பாதி கிரேக்கம். முழுச் சொல்லையும் கதகானாவில், அதாவது வெளிநாட்டுச் சொற்களுக்கான எழுத்தில், எழுதுவதுதான் அங்கே வழக்கம்.

முதலில் இது இசைத்தொழில் செய்பவர்களின் குழூஉக்குறி. வானொலி நிலையம், ஒலிப்பதிவுக் கூடம், வெளியூர்க் கச்சேரி இங்கெல்லாம் குழுவைக் கூட்டிப்போகாமல் டேப்பைப் போட்டுப் பாட வைத்தால் அது கரஓகே. ஆட்கள் உட்கார்ந்து வாசித்தால் 'நமஓகே'. 'நம' என்றால் பச்சை, சமைக்காதது, நேரடியானது. இந்த ஜோடியைப் பார்த்தால் காலி என்பது வாத்தியக்காரரைப் பற்றியது என்பதில் சந்தேகமே வராது.

கடைத்தெருவுக்கு வந்தபோது இந்தப் பெயர் முதலில் எடுபடவில்லை. டோக்கியோவில் கார் ஸ்டீரியோ தயாரித்துக்கொண்டிருந்த ஷிகெய்ச்சி நெகிஷி 1967இல் மைக்கோடு கூடிய பெட்டி ஒன்றைச் செய்தார். கரஓகே என்ற பெயர் விற்பனையாளருக்குப் பிடிக்கவில்லை. காரணம், 'கன்ஓகே' என்றால் ஜப்பானிய மொழியில் சவப்பெட்டி! குடிக்க வருகிறவன் முன்னால் சவப்பெட்டியை வைப்பார்களா? 'ஸ்பார்க்கோ பாக்ஸ்' என்று வேறு பெயர் போட்டார்கள். நெகிஷி 2024இல் நூறு வயதில் காலமானார்.

ஆனால் உலகம் அதிகம் பேசுவது கோபே நகரத்துத் தய்சுகே இனோவே பற்றித்தான். மதுக்கூடங்களில் வாடிக்கையாளர் பாடப் பாட, கூடவே வாசித்துப் பிழைத்தவர். ஒரு கம்பெனி முதலாளி வெந்நீர் ஊற்றுக்கு உல்லாசப் பயணம் போகிறார், நீயும் வா, உன் வாசிப்புக்குத்தான் எனக்குப் பாட வரும் என்கிறார். இவருக்குப் போக முடியவில்லை. அவர் பாடும் பாட்டுகளை, அவர் குரலுக்குத் தோதான சுருதியில் வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். டேப் நன்றாகவே வேலை பார்த்தது. 1971இல் கார் டேப் ரிக்கார்டர், மைக், 100 யென் காசு போடும் பெட்டி எல்லாம் சேர்த்து '8 ஜூக்' என்று 11 பெட்டிகள் செய்து கோபே மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை வாங்கவில்லை. நெகிஷியும் வாங்கவில்லை. வாங்கியவர் பிலிப்பைன்ஸ்காரரான ரோபெர்த்தோ தெல் ரொசாரியோ, தன் 'சிங் அலாங்' பெட்டிக்கு, 1980களில். இனோவேக்குக் கிடைத்தது 2004இல் இக் நோபல் அமைதிப் பரிசு, நோபலைக் கிண்டல் செய்து கொடுக்கிற பரிசு. ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ள மனிதருக்குப் புதுவழி கற்றுக்கொடுத்தாராம்.

எனக்கு இதில் உறைப்பது வேறொன்று. இனோவே வாத்தியக்காரர். தன் நாற்காலியைத் தானே காலி செய்தவர். அவரைப் போலவே வாசித்துப் பிழைத்த இன்னொரு கூட்டம் ஜப்பானில் இருந்தது, பெயர் 'நகஷி'. நகசு என்றால் ஓடவிடுவது, அதிலிருந்து வந்த பெயர், தெருத்தெருவாக ஓடிக்கொண்டே இருப்பவர்கள். 'எதோ காலம்' எனப்படும் 17–19ஆம் நூற்றாண்டுகளில் இருவர் ஜோடியாக ஷமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டி, ஷின்னாய் என்னும் கதைப்பாட்டைப் பாடிக்கொண்டு கேளிக்கைத் தெருக்களில் நடந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஷமிசென் போய் கிதாரும் அக்கார்டியனும் வந்தன. கடை கடையாக நுழைந்து, காசு கொடுத்தால் தாங்கள் பாடுவார்கள், இல்லை குடித்திருப்பவர் பாட இவர்கள் வாசிப்பார்கள். பெட்டி வந்ததும் இவர்கள் பிழைப்பு போனது. இன்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

பழையது முழுக்க அழிந்தது என்றும் சொல்ல முடியாது. கரோக்கியில் ஒருவர் எப்போதும் எடுத்துவிடும் அவருடைய 'கியாரண்டி' பாட்டுக்கு ஜப்பானியர் 'ஜூஹாச்சிபான்' என்பார்கள், பதினெட்டாம் எண் என்று பொருள். கபுகி என்ற பழைய ஜப்பானிய நாடகக் கலையில் இச்சிகாவா குடும்பம் தங்கள் சொத்து என்று 19ஆம் நூற்றாண்டில் தொகுத்து வைத்த 18 நாடகங்களிலிருந்து வந்த வழக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். மேலதிகாரி மைக்கைப் பிடித்து எத்தனையாவது தடவையாகவோ அதே சோகப் பாட்டைப் பாடுகிறார், சுற்றி இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள், அதற்குக் கபுகிப் பெயர்!

1985இல் ஒகயாமாவில் சரக்குக் கன்டெய்னரை அறையாக மாற்றி முதல் 'கரோக்கி பாக்ஸ்' வந்தது. மதுக்கூடத்தில் மட்டும் இருந்த பழக்கம் மாணவர்கள், குடும்பங்கள் என்று பரவியது அதன் பிறகுதான். இப்போது தனியாகப் போய்ப் பாடுவதற்கும் பெயர் இருக்கிறது, 'ஹிதோகர'. 'ஹிதொரி' என்றால் ஒற்றை ஆள். கத்தரி மறுபடியும் வேலை செய்து, இந்த முறை 'ஓகே'யையும் வெட்டிவிட்டது.

அப்புறம் தமிழுக்கு வருவோம். 'கரோக்கி' என்ற உச்சரிப்பு ஆங்கிலம் வழியாக வந்தது. ஜப்பானிய உச்சரிப்பில் க-ர-ஓ-கே என்று நான்கும் தனித்தனியாகக் கேட்கும். நம் இலக்கணப்படி நடுவில் உடம்படுமெய் போட்டால் 'கரவோகே'. எழுதிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, யாரும் சொல்லப்போவதில்லை.

மொழிபெயர்ப்பாக என்ன சொல்லலாம்? வெற்றிடம் போல 'வெற்றிசை' என்றால் சொல் அழகு, ஆனால் வெற்றுப் பேச்சு, வெற்று ஆரவாரம் என்று பழகிய காதுக்கு உப்புச்சப்பில்லாத இசை என்று கேட்கும். 'குரலற்ற இசை' என்றால் வீணைக் கச்சேரியும் அதுதானே. இரண்டுமே அந்தப் பழைய தவறான புரிதலில் பிறந்தவை.

நம்மிடம் ஏற்கெனவே 'பக்கமேளம்' இருக்கிறது. பாடுகிறவருக்குத் துணையாக வாசிக்கும் வாத்தியக் கூட்டம், அதாவது சரியாக அந்த 'ஓகே'. மேளம் என்றால் கொட்டு மட்டுமில்லை, ஆட்களும்தான். 'மேளம் வந்தாச்சா?' என்று கல்யாண வீட்டில் கேட்பது ஆட்களை. நாகஸ்வரக் குழு பெரிய மேளம், ஆடல் குழு சின்ன மேளம். ஆக, பதிவு செய்த அந்த இசைக்குப் 'பக்கமேளப் பதிவு' என்பேன். கரோக்கி என்ற சொல்லையே பெயர்ப்பதானால் 'ஆளில்லாப் பக்கமேளம்'. பாடகர்கள் சாதாரணமாக 'ட்ராக் போட்டுப் பாடுறேன்' என்கிறார்கள், அதுவும் தப்பில்லை.

ஆளில்லா மேளம் நமக்கு வேடிக்கையும் இல்லை. நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதியவர் இடத்தில் சுருதிப்பெட்டி உட்கார்ந்து எத்தனையோ வருடமாகிறது. சாயரட்சைக்குத் திரை விலகும்போது பாருங்கள், பல கோயில்களில் அர்ச்சகர் சுவிட்சைத் தட்டுகிறார், மூலையில் மோட்டார் சுழல்கிறது, குச்சி தானாக முரசில் விழுகிறது, மணி ஆடுகிறது, பக்கத்தில் யாரும் இல்லை.