சுண்டெலிக்கு வலிப்பு நின்றதென்று நம் குழந்தையின் மருந்தை நிறுத்தலாமா?

சென்ற வாரம் பெரம்பூரிலிருந்து இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்றை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலிப்பு தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவளுக்கு டிராவே நோய்க்குறி, அதாவது மரபணுப் பழுதால் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடும் வலிப்பு நோய், இருப்பது மரபணுச் சோதனையில் உறுதியாகி ஓராண்டாகிறது. வால்ப்ரோயேட், குளோபசாம் ஆகிய இரண்டு மருந்துகளால் வலிப்பு ஓரளவு கட்டுக்குள் இருந்தது. அவசரப் பிரிவில் ஊசி போட்டு வலிப்பு அடங்கிய பிறகு, மருந்து ஏதேனும் விட்டுப்போனதா என்று கேட்டேன். தந்தை கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். "எலிக்கு ஒரே ஊசியில் சரியாகிவிட்டதாம், டாக்டர். ஆறு மாதத்தில் இங்கேயும் வந்துவிடும் என்கிறார்கள். அதுவரை இந்த மருந்தைக் கொடுத்துப் பிள்ளையின் ஈரலைக் கெடுப்பானேன் என்று பத்து நாளாக நிறுத்திவிட்டோம்." இந்த ஆண்டில் இதே காரணத்தோடு என்னிடம் வந்த மூன்றாவது குடும்பம் இது. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அந்தக் காணொளியைத் தயாரித்தவர்கள்மீது நிறையவே இருக்கிறது.

அந்தத் தந்தையைப் போலப் பலரும், வலிப்பு வந்த எலியைப் பிடித்து மருந்து கொடுத்துக் குணப்படுத்திவிட்டார்கள் என்றே நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஆய்வுக்கூடச் சுண்டெலிக்கு அந்த நோயை மனிதர்களே உண்டாக்குகிறார்கள். குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் பழுதாக்கிச் சுண்டெலியைப் பிறக்கவைக்கும் முறைக்காக 2007ஆம் ஆண்டு மூவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. டிராவே நோய்க்குறிக்குக் காரணமான எஸ்.சி.என்.1.ஏ. மரபணு 2001இல் அடையாளம் காணப்பட்டது. அதே பழுதைக் கொண்ட சுண்டெலிகளை 2006இல் அமெரிக்காவின் சியாட்டிலிலும், 2007இல் ஜப்பானிலும் உருவாக்கிக் காட்டினார்கள். அவற்றுக்குப் பிறந்து மூன்று வாரம் ஆனதும் வலிப்பு தொடங்குகிறது. உடற்சூட்டை ஏற்றினால் நம் குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வருவதுபோலவே வருகிறது. இவ்வளவு ஒற்றுமை இருப்பதால்தான் அந்தச் சுண்டெலி மதிப்புள்ளதாகிறது. ஒற்றுமை இருப்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடாது.

எங்கே வேறுபடுகிறது என்பதைப் பெற்றோர் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிகள் பல தலைமுறைகளாக உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை; ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒன்றையொன்று ஒத்திருக்கும். இதே எஸ்.சி.என்.1.ஏ. பழுதை ஒரு வம்சத்தில் வைத்தால் கடும் வலிப்பு வந்து பல குட்டிகள் சில வாரங்களில் இறக்கின்றன. இன்னொரு வம்சத்தில் வைத்தால் பெரும்பாலானவை பெரிய தொந்தரவின்றி வளர்கின்றன. பழுது ஒன்றேதான், விளைவுதான் வேறு. சுண்டெலிக்குச் சுண்டெலியே இப்படி மாறும்போது, ஆய்வுக்கூடத்தில் ஒரு வம்சத்துக்குப் பலித்தது பெரம்பூரில் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படியே பலிக்கும் என்று எந்த மருத்துவரும் உறுதி கூற முடியாது.

காணொளி சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. அது காட்டும் ஆய்வு 2020இல் வெளியானது. அதில், அதே மரபணுவின் பழுதடையாத மற்றொரு பிரதியைக் கூடுதலாக வேலை செய்யவைக்கும் மருந்தை ஒரே ஒரு முறை செலுத்தினார்கள். பெரும்பாலான குட்டிகள் பிழைத்தன. ஆனால் அந்த ஊசி போடப்பட்டது பிறந்து 2 நாளே ஆன குட்டிகளுக்கு, அதாவது முதல் வலிப்பு வருவதற்கு வெகு முன்பாக. எந்தக் குட்டிக்கு நோய் வரும், எப்போது வரும் என்பது ஆய்வாளருக்கு முன்கூட்டியே தெரியும். நமக்கோ, பல முறை வலிப்பு வந்த பிறகுதான் இந்த நோய் இருக்குமோ என்ற ஐயமே எழுகிறது. அந்த மருந்து இப்போது மனிதர்களிடம், முதுகுத்தண்டு நீரில் செலுத்தி, திரும்பத் திரும்பக் கொடுத்துச் சோதிக்கப்பட்டு வருகிறது. இதுவரை வந்த முடிவுகள் எனக்கும் நம்பிக்கை அளிக்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் சேர்ந்த குழந்தைகள் தங்கள் வழக்கமான வலிப்பு மருந்துகளை உட்கொண்டபடியேதான் புதிய மருந்தைப் பெறுகிறார்கள். புதிய மருந்தே கையில் உள்ள பிள்ளைக்குப் பழைய மருந்தை நிறுத்தவில்லை. அது கிடைக்காத உங்கள் பிள்ளைக்கு நீங்கள் எப்படி நிறுத்தலாம்?

சுண்டெலியிலிருந்து மனிதருக்கு வரும்போது பலன் எவ்வளவு தேயும் என்பதற்கு, மூளையிலும் பிற உறுப்புகளிலும் கட்டிகளை உண்டாக்கி வலிப்பையும் தரும் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் மரபணு நோய் நல்ல உதாரணம். ராபமைசின் என்னும் மருந்தை இளமையிலேயே கொடுத்தால் சுண்டெலிகளுக்கு வலிப்பு நோயே தோன்றாமல் தடுக்க முடியும் என்று 2008இல் காட்டினார்கள். அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த எவரோலிமஸ், 2016இல் வெளியான பெரிய மனித ஆய்வில், கூடுதல் அளவு பெற்றவர்களில் 100க்கு 40 பேருக்கு வலிப்பைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களிலும் 100க்கு 15 பேருக்கு அந்த அளவு குறைந்தது. எவரோலிமஸ் பயனுள்ள மருந்துதான், தகுந்தவர்களுக்கு நானும் எழுதுகிறேன். இருந்தாலும் "தடுத்துவிட்டது" என்பதற்கும் "சிலருக்குப் பாதியாகக் குறைந்தது" என்பதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள்.

சுண்டெலி ஆராய்ச்சி வீண் என்று இதை யாரும் திரித்துக்கொள்ள வேண்டாம். அது தந்த பாடத்தை நான் தினமும் பயன்படுத்துகிறேன். கார்பமசெபின், பினைடாயின், லாமோட்ரிஜின் போன்றவை டிராவே குழந்தைகளுக்கு வலிப்பை அதிகப்படுத்துவதை மருத்துவர்கள் முன்பே கண்டிருந்தார்கள்; காரணத்தைத் தெளிவாகக் காட்டியது சுண்டெலிதான். மூளையை அடக்கி வைக்கும் நரம்பணுக்களில்தான் இந்தப் பழுது முதன்மையாக வேலை செய்கிறது, அந்த அணுக்களையே இம்மருந்துகள் மேலும் தளர்த்திவிடுகின்றன. இது தெரிந்தும், மரபணு அறிக்கை கோப்பிலேயே இருக்க, வேறோரிடத்தில் கார்பமசெபின் எழுதப்பட்டு மாதக்கணக்கில் உட்கொண்ட ஒரு குழந்தையைச் சென்ற மழைக்காலத்தில் பார்த்தேன். அறிக்கையை யாரும் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. என் சக மருத்துவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஆகவே பெற்றோரே, எந்த வலிப்பு மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஈரலைப் பற்றிய பயம் நியாயமானதே; அதற்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது, வேறு மருந்துக்கு மாற்றவும் வழி இருக்கிறது, ஆனால் மாற்றம் படிப்படியாக நடக்க வேண்டும். வலிப்பு வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். 5 நிமிடத்தைத் தாண்டினால் உங்களுக்கு எழுதிக்கொடுத்த மிடாசோலம் மருந்தை மூக்கில் அடித்துவிட்டு 108ஐ அழையுங்கள். ஆட்டோ தேடி அலையாதீர்கள். கத்திரி வெயிலில் மூடிய காரில் பிள்ளையை உட்காரவைக்காதீர்கள், வெந்நீரில் நீண்ட நேரம் குளிப்பாட்டாதீர்கள். தடுப்பூசியைத் தவிர்க்காதீர்கள்: ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் ஒரு வலிப்பைத் தூண்டலாம், அதற்கான முன்னேற்பாட்டை நாங்கள் சொல்லித் தருவோம், ஆனால் நோய் தடுப்பூசியால் வந்ததல்ல. மரபணு சிகிச்சை தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்; முறையான மருத்துவ ஆய்வில் சோதனை மருந்துக்குப் பெற்றோரிடம் காசு வாங்கமாட்டார்கள், அந்த ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியும் இருக்கும்.

புதிய செய்தி எதைப் பார்த்தாலும் என்னிடம் கொண்டுவாருங்கள். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் உங்களோடு உட்கார்ந்து அதைப் படிக்கிறேன். பெரம்பூர்க் குழந்தை நேற்று எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். இடக்காலை மட்டும் இன்னும் சற்று இழுத்தே நடக்கிறாள். கொடுக்கக் கூடாத மருந்துகளின் பெயர்களை ஒரு சீட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அவளுடைய தாயிடம் கொடுத்திருக்கிறேன். நள்ளிரவில் எந்த மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தாலும், ஊசி போடுவதற்கு முன் அந்தச் சீட்டை அங்குள்ள மருத்துவரின் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.