சொல் விளக்கம்: ஜர்னிமேன்

ஒரே கழகத்தில் நிலைக்காமல் ஆண்டுக்கு ஓர் ஊர் என்று மாறி மாறி ஆடும் ஆட்டக்காரரை ஆங்கில விளையாட்டுச் செய்திகள் 'ஜர்னிமேன்' என்கின்றன. ஜர்னி என்றால் பயணம்தானே என்று 'பயண வீரர்' எனத் தமிழாக்கினால் தவறு. இந்தச் சொல்லின் வேர் பயணத்தில் இல்லை, கூலியில் இருக்கிறது.

பிரெஞ்சு மொழியில் 'ஷூர்னே' என்றால் ஒரு நாள், ஒரு நாள் வேலை. இடைக்கால ஐரோப்பாவில் கைத்தொழிலைக் கற்று முடித்தும் சொந்தப் பட்டறை இல்லாமல் நாட்கூலிக்கு உழைத்தவரே ஜர்னிமேன். நம் கட்டட வேலையில் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி என்கிறோமே, அதில் கொத்தனாரின் இடம் அவருக்கு. அவர் கட்டும் சுவர் நூல் பிடித்தாற்போல் எழும். கணக்கும் சம்பளமும் மேஸ்திரி கையில். மேஸ்திரி என்பதே போர்த்துகீசிய 'மெஸ்த்ரே'. ஸ்பானிய 'மாயெஸ்த்ரோ'வுக்கு உடன்பிறப்பு.

ஸ்பெயினின் கீழ்நிலைக் கால்பந்தில் இந்தப் பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது. அங்கே லீக்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் 'ஹோர்னாதா' என்று பெயர். ஒரு நாள் உழைப்புக்கும் அதே சொல்தான். வயலில் நாட்கூலிக்கு வேலை செய்பவர் 'ஹோர்னலேரோ'. எல்லாம் ஒரே வேர். 1977இல் தொடங்கி 2021இல் முடிந்த 'செகுண்டா பி' என்ற மூன்றாம் நிலை லீக்கில் நெடுங்காலம் 4 பிரிவுகளாக 80 அணிகள் ஆடின. ஓராண்டு ஒப்பந்தம் ஜூன் 30இல் முடியும். பிறகு புது ஊர், புது வாடகை வீடு, பிள்ளைக்குப் புதுப் பள்ளி.

ஸ்பெயினின் அல்கோய் ஊரில் பிறந்த கால்பந்து ஆட்டக்காரர் ஹோர்கே மொலினா பெனிடோர்ம், காந்தியா, பொலி எஹிடோ, எல்சே என்று அணி மாறி ஆடிக்கொண்டே இருந்தார். முதல்நிலை லீக்கில் அவர் கால் வைத்தது 2011இல், பெட்டிஸ் அணியில், 29 வயதில். 2021 டிசம்பரில் கிரனாடாவுக்காக மயோர்காவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தபோது வயது 39. அந்த லீக்கில் அவ்வளவு வயதில் அதற்கு முன் யாரும் அப்படி அடித்ததில்லை. 'சுமாரான ஆட்டக்காரர்' என்று சில அகராதிகள் தரும் பொருளை இவர்மேல் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஸ்பானியர்கள் இத்தகையவரை 'த்ரோத்தாமுந்தோஸ்' என்பார்கள்: த்ரோத்தார் என்றால் பெருநடையாய் ஓடுவது, முந்தோ என்றால் உலகம். நம் 'நாடோடி'யும் அதே வார்ப்பு, நாடு, ஓடி. ஆகவே 'நாடோடி ஆட்டக்காரர்' என்பதே என் பரிந்துரை. 'கழகம் மாறி' வேண்டாம். அதில் கட்சி மாறியவரைச் சொல்லும் ஏளனம் ஒட்டியிருக்கிறது. நாடோடிப் பாடலை நாம் இழிவாகவா சொல்கிறோம்? தொழில் தேர்ச்சியையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'கைதேர்ந்த நாடோடி' என்று எழுதலாம்.

அப்படிப்பட்ட ஒருவரைக் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் பார்த்தவர்கள் உண்டு. ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிவிட்டு வந்த பெட்ரோ மான்சி 2018-19இல் இந்தியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணிக்காக 21 கோல் அடித்தார். அந்த அணி கோப்பையை வென்றது. 2020இல் அவர் ஜப்பானின் நீகாட்டாவில் ஆடிக்கொண்டிருந்தார்.