பேரனுக்கு வந்த பேதி தாத்தாவுக்கும் வருமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பேரனுக்கு வாந்தி பேதி, ரோட்டா வைரஸ்னு சொன்னாங்க. மூணாம் நாள் எனக்கும் ஆரம்பிச்சிடுச்சு. அறுபது வயசுக்காரனுக்குக் குழந்தை நோய் வருமா சார்?"

வரும். பேரனுக்குக் கால் கழுவிவிட்ட கையில் நூறு வைரஸ் ஒட்டியிருந்தாலே போதும். சின்ன வயதில் பட்ட தொற்றின் எதிர்ப்பு கொஞ்சம் மிச்சமிருப்பதால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் லேசாகப் போய்விடும். நாமும் "நேத்து சாப்பிட்ட எறா ஒத்துக்கலை" என்று முடித்துவிடுவோம்.

சரி, ஒரு தடவை வந்தது திரும்ப ஏன் வருகிறது? எனக்குப் பிடித்த இடமே இதுதான். ரோட்டாவின் மரபுச்செய்தி ஒரே நீளக் கயிறாக இல்லை, 11 ஆர்என்ஏ துண்டுகளாக இருக்கிறது. மலத்திலிருந்து அதைப் பிரித்து, ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சி ஓட்டி (சின்னத் துண்டு வேகமாக ஓடிக் கீழே போகும்) வெள்ளிச் சாயம் ஏற்றினால் மேலே நாலு கோடு, அப்புறம் இரண்டு, நெருக்கியடித்து மூன்று, அடியில் இரண்டு. படிக்கிற காலத்தில் முதன்முதலாக அதைப் பார்த்தவன் ஜெல்லைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றேன். ஜி2பி4 வகையில் 11ஆவது துண்டு நீளம் கூட, அதனால் வேகமாக ஓட முடியாமல் பத்தாவதுக்கு மேலேயே நின்றுவிடும். (மேலுறையில் உள்ள இரண்டு புரதங்களை வைத்துத்தான் இந்த ஜி, பி எண்கள்.)

இரண்டு வகை வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் புகுந்துவிட்டால், ஒரே மண்டபத்தில் இரண்டு கல்யாணத்துச் சீர்வரிசை கலந்த கதைதான். புது வைரஸ் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து 11 துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பும். கணக்குப்படி 2048 விதம் சாத்தியம், எல்லாம் பிழைக்காது. பிழைத்ததில் ஏதாவது ஒன்று நம் பழைய எதிர்ப்புக்கு அடையாளம் தெரியாமல் உள்ளே வந்துவிடலாம், திரும்ப வருவது இப்படியும்தான். ரோட்டாவேக் தடுப்பு மருந்தின் 116இ வைரஸ்கூட அப்படிப் பிறந்ததுதான்: 1980களில் டெல்லியில் பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்த மனித வைரஸ், அதில் ஒரு துண்டு மட்டும் மாட்டு வைரஸுடையது.

இதெல்லாம் போக, ரோட்டா பி என்று வேறொரு கூட்டம் இருக்கிறது; 1982-83இல் சீனாவில் பெரியவர்களையே ஆயிரக்கணக்கில் படுக்கப் போட்டது.

பேரனுக்கு ஐந்தாம் நாள் தொக்கம் எடுத்ததும் பேதி நின்றதாகவும் வாசகர் எழுதியிருந்தார். ரோட்டா மூன்றிலிருந்து எட்டு நாளில் தானே அடங்கும், பேர் மட்டும் தொக்கம் எடுத்தவருக்கு. அதற்குள் உடம்பு வற்றாமல் ஓஆர்எஸ் கொடுப்பதுதான் வைத்தியம்; குடல் பாதி உரிந்திருந்தாலும் உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து இழுக்கும் வாசல் திறந்தே இருக்கும். தாத்தாவுக்கும் அதேதான்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 2005இல் தொடங்கிய நம் தேசிய ரோட்டா கண்காணிப்பு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத்தான் பார்த்தது, அவர்கள்தான் சாகிறார்கள் என்பதால் அது நியாயமும்கூட. ஆனால் பழைய எதிர்ப்பைத் தாண்டி உள்ளே வந்த வகை எது என்பது தாத்தாவின் மலத்தில்தான் தெரியும். அதைப் பரிசோதிக்க ஒருவரும் காசு தருவதில்லை, இந்தத் தாத்தாவுடையதும் இந்நேரம் செப்டிக் டேங்குக்குப் போயிருக்கும்.