வாட்ச் எண்ணுறது உங்க இதயத்தையா, உங்க காலடியையா?

கடலூர் மஞ்சக்குப்பத்துலேருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். காலைல நண்பரோட சில்வர் பீச் பக்கம் ஓடுறாராம், ரெண்டு பேரும் ஒண்ணாவே கிளம்பி ஒண்ணாவே முடிக்கிறாங்க, ஆனா இவர் வாட்ச் 5.3 கிலோமீட்டர்ங்குது, நண்பரோடது 4.9ங்குது. அது கூட போகட்டும், "பேசிக்கிட்டே சாவகாசமா ஓடுறப்பவே ஹார்ட் ரேட் 172 காட்டுது சார், எனக்கு 46 வயசு, வீட்ல இனிமே ஓடவே வேணாங்கறாங்க"ன்னு எழுதியிருக்கார். அந்த ரெண்டாவது விஷயம்தான் முக்கியம், அதனால தூரத்தை வேகமா முடிச்சிடுறேன்.

ஜிபிஎஸ் சாட்டிலைட்டுங்க 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது, சிக்னல் கிளம்பின நேரம் வந்து சேர்ந்த நேரம் ரெண்டையும் வச்சு வாட்ச் தன்னோட இடத்தைக் கணக்குப் போடுது, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ரேடியோ சிக்னல் போற வேகத்துல 10 நானோசெகண்ட் பிசகினாலே 3 மீட்டர் தள்ளிப் போயிடும். பாண்டிச்சேரி ஒயிட் டவுன் தெருக்கள்ல சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற சிக்னல் லேட்டா வருது, வாட்ச் அதையும் நம்பிடுது. பீச் ரோட்ல கடல் பக்கம் முழுக்க திறந்த வானம், அங்க இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி. நீங்க நேராவே ஓடினாலும் புள்ளிங்க அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு விழும், அதையெல்லாம் இணைச்சா கோடு வளைஞ்சு நெளிஞ்சு தூரம் கூடும், வளைவுல புள்ளி பத்தலைன்னா குறுக்கால வெட்டிக்கிட்டுப் போயி தூரம் குறையும். இதெல்லாம் சேர்ந்து நூத்துக்கு ரெண்டு மூணு வித்தியாசம் வர்றது சகஜம்.

ஆனா சில்வர் பீச் மாதிரி வெட்டவெளியில 400 மீட்டர் வித்தியாசம்னா நான் முதல்ல கேக்குறது, உங்களுதுல ஜிபிஎஸ் இருக்கா? விலை கம்மியான நிறைய பேண்டுகள்ல கிடையாது, போனைக் கையோட எடுத்துக்காம ஓடினா அது காலடியை எண்ணி ஒரு அடிக்கு இவ்வளவு நீளம்னு பெருக்கிடும், மணல்ல ஓடுறப்ப பெரும்பாலும் அடி சின்னதாகும், பேண்டுக்கு அது தெரியாது, தூரத்தைக் கூட்டிச் சொல்லும்.

சரி, இப்ப இதயம். ராத்திரி லைட்டை அணைச்சிட்டு போன் ஃபிளாஷ் மேல விரலை வச்சுப் பாருங்க, விரல் செக்கச்செவேல்னு எரியும். ஃபிளாஷ்லேருந்து வர்றது வெள்ளை வெளிச்சம், அதுல இருக்குற பச்சையையும் நீலத்தையும் ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் குடிச்சிடுது, சிவப்பு மட்டும் தப்பிச்சு வெளிய வருது. எனக்கு இதைப் பாக்குறதுக்கு இன்னும் அலுக்கலை. வாட்ச் பச்சை லைட்டைப் போடுறது இதனாலதான், ரத்தம் அதிகமா இருந்தா பச்சை கம்மியா திரும்பும், ரத்தம் குறைஞ்சா கூட திரும்பும், இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கிறப்பவும் மணிக்கட்டுல ஒரு சின்ன அலை வந்து போகுது, பக்கத்துல இருக்குற சென்சார் அந்த ஏத்த இறக்கத்தை எண்ணுது. பச்சை தோலுக்குள்ள ஆழமாப் போகாது, அதுவும் வசதிதான், உள்ள தசை அசையற கலாட்டா அதுக்கு அவ்வளவா எட்டாது.

சிக்கல் என்னன்னா, திரும்பி வர்ற வெளிச்சத்துல துடிப்பால மாறுறது நூத்துல ஒரு பங்கு ரெண்டு பங்குதான் இருக்கும். உக்காந்திருந்தா அது போதும். ஓடுறப்ப ஒவ்வொரு அடிக்கும் கை வீசுது, மணிக்கட்டுல ரத்தம் குலுங்குது, வாட்ச் தோல்லேருந்து லேசா எழும்பி அமருது, இடுக்குல வெயில் வேற நுழையுது. மாசி மகத்தன்னிக்கு தேவனாம்பட்டினத்துல மேளத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு ஒருத்தர் காதுல சொல்றதைக் கேக்குற மாதிரிதான் அதோட நிலைமை. அதுக்குத்தான் உள்ள அசைவை அளக்குற சென்சார் ஒண்ணு வச்சிருக்காங்க, கை எந்தத் தாளத்துல ஆடுதுன்னு பார்த்து அந்தத் தாளத்தை வெளிச்சக் கணக்குலேருந்து கழிச்சிடும். அருமையான யோசனை. ஆனா துடிப்பு ரொம்ப மெலிசா இருந்தா கழிச்ச பிறகும் மிச்சம் இருக்குற காலடித் தாளத்தையே வாட்ச் துடிப்புன்னு எடுத்துக்கும், ஓடுறவங்க பெரும்பாலும் நிமிஷத்துக்கு 160லேருந்து 180 அடி வைக்கிறோம், அந்த எண் ஹார்ட் ரேட்டா வந்தாலும் நம்புற மாதிரியே இருக்கும், அதுதான் இதுல மோசம். தூரம் தப்பா வந்தா 400 மீட்டர் போச்சுன்னு விட்டுடலாம், இது தப்பா வந்தா ஒரு மனுஷன் ஓடுறதையே நிறுத்திடுறார்.

நம்ம வாசகருக்கு 220லேருந்து வயசைக் கழிச்சா 174. அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் 10, 12 மாறும்தான், இருந்தாலும் உச்சத்தைத் தொட்டுக்கிட்டு ஒருத்தர் சாவகாசமா பேச முடியாது. அதனால ஆப்ல ஹார்ட் ரேட் கோட்டையும் காலடி எண்ணிக்கைக் கோட்டையும் ஒண்ணா வச்சுப் பாருங்க, ரெண்டும் 172லயே ஒட்டிக்கிட்டுப் போனா வாட்ச் எண்ணினது உங்க காலடியை. ஸ்ட்ராப்பை மணிக்கட்டு எலும்புக்கு ரெண்டு விரல் மேல ஏத்தி இறுக்கமா கட்டுங்க, ஓடி முடிச்சதும் தளர்த்திக்கலாம். நெஞ்சுல கட்டுற ஸ்ட்ராப் இதயத்தோட மின்சாரத்தையே நேரா பிடிக்குது, அதனால இந்தக் குழப்பம் அதுக்குக் கிடையாது, நம்ம ஊர் வியர்வை அதுக்கு உதவி வேற பண்ணும், காஞ்சிருந்தாத்தான் தடுமாறும்.

ஒரு ஆதங்கம் இருக்கு. தோலோட கருப்பு நிறமியும் பச்சை வெளிச்சத்தைக் குடிக்கும். விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மீட்டர் வேற வெளிச்சத்துல வேலை செய்யுது, அதுலயே அமெரிக்காவுல 2020-ல வெளியான ஆய்வு ஒண்ணு, கறுப்பின நோயாளிங்களுக்கு ஆக்சிஜன் குறைஞ்சதை அந்த மீட்டர் தவறவிட்டது வெள்ளைக்காரங்களை விட கிட்டத்தட்ட 3 மடங்குன்னு காட்டுச்சு. நம்ம தோல்ல, நம்ம கடலோரப் புழுக்கத்துல இந்த வாட்ச்சுங்களைப் பெரிய அளவுல சோதிக்கணும், ஜிப்மர் மாதிரி இடங்களுக்கு அதுக்குன்னு அரசாங்கம் பணம் ஒதுக்கணும். அதே மணிக்கட்டுல ரத்த ஓட்டத்தை இழுக்கும்னு காந்தக் காப்பு வாங்கி மாட்டுறாங்க, ரத்தத்துல இரும்பு இருக்குறது நிஜம், ஆனா ஆக்சிஜன் ஏறின ஹீமோகுளோபின் காந்தத்தை விட்டு ரொம்ப லேசா விலகத்தான் செய்யும்னு பாலிங், கோரியெல்னு ரெண்டு வேதியியல் விஞ்ஞானிங்க 1936லயே அளந்து காட்டிட்டாங்க.

நெஞ்சு வலி, தலைசுத்தல், திடீர்னு படபடப்பு இருந்தா வாட்ச் என்ன காட்டினாலும் சரி, டாக்டர்ட்ட போங்க. இல்லைன்னா நாளைக்கு அது 172 காட்டுறப்ப சட்டுனு நின்னு, கழுத்து ஓரமா ஒரு பக்கம் மட்டும் ரெண்டு விரலை லேசா வச்சு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குங்க. நின்ன உடனே எண்ணணும், ஒரு நிமிஷம் விட்டுட்டா அதுக்குள்ள துடிப்பு 20, 30 இறங்கியிருக்கும், வாட்ச்சோட ஒப்பிட முடியாது.