கரகரத்த தொலைபேசிக் கம்பியில் போன கடிதங்கள்

"இந்தியாவுக்கு இணையம் 1995இல் வந்தது என்று படித்தேன். எங்கள் பேராசிரியரோ 1980களின் கடைசியிலேயே மின்னஞ்சல் அனுப்பினேன் என்கிறார். எது சரி?" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார்.

இரண்டும் சரிதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று வெளிநாட்டுத் தொலைத்தொடர்பைக் கவனித்த அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. ஆனால் 1986லேயே மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியோடு எர்நெட் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பைத் தொடங்கியிருந்தது. பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை உட்பட ஐந்து ஐ.ஐ.டி.கள் ஆகியவை அதில் இருந்தன. முதலில் பம்பாய் மையத்துக்கும் பம்பாய் ஐ.ஐ.டி.க்கும் இடையே கடிதம் போனது. அப்புறம் டில்லி, சென்னை ஐ.ஐ.டி.கள் சேர்ந்தன.

எல்லாம் சாதாரணத் தொலைபேசிக் கம்பி வழியாக. அந்தக் காலத்தில் வெளியூருக்கு எஸ்.டி.டி. போட்டுப் பேசியவர்களுக்குத் தெரியும்: கரகரப்பு, நடுவில் யாரோ பேசும் குரல், திடீரென்று அறுந்துபோகும் இணைப்பு. இதை வைத்துக்கொண்டு கணினிகள் எப்படிப் பேசின?

யு.யு.சி.பி. என்ற முறைதான் கைகொடுத்தது. நீங்கள் கடிதத்தை அனுப்பியதும் கணினி உடனே அழைக்காது, சேர்த்து வைத்துக்கொள்ளும். குறித்த நேரம் வந்ததும், பெரும்பாலும் கட்டணம் குறைவான இரவில், தானே எண்ணைச் சுழற்றும். அந்தப் பக்கத்துக் கணினி எடுத்ததும் தபால் வண்டி ஸ்டேஷனில் மூட்டையை இறக்கி ஏற்றுவது போல இருவரும் கைமாற்றிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். கம்பி எப்போதும் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள் கிடைத்தால் போதும்.

அந்தச் சில நிமிடங்களில் கரகரப்பை எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவிதான் மோடம். வினாடிக்கு 1,200 பிட் வேக மோடம் சுமார் 120 எழுத்துகளைத் தள்ளும். 20,000 எழுத்துள்ள ஓர் ஆய்வுக் கட்டுரை போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும். ஒரு பேச்சுக்கு, கம்பி 10 வினாடிக்கு ஒருமுறை கரகரக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுரையை முழுசாக அனுப்பி, பிழை இருந்தால் மறுபடி முழுசாக அனுப்புவது என்றால் அது ஜென்மத்துக்கும் போய்ச் சேராது.

யு.யு.சி.பி. அதை 64 எழுத்துத் துண்டுகளாக நறுக்கியது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரிசை எண், கூடவே துண்டில் உள்ள எழுத்துகளை வைத்துக் கணக்கிட்ட ஒரு சரிபார்ப்புத் தொகை. வாங்குகிற கணினி அந்தத் தொகையைத் தானும் போட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் "வந்தது" என்று பதில் அனுப்பும். ஒத்துப்போகாவிட்டால் அந்தத் துண்டிலிருந்து மறுபடி வாங்கிக்கொள்ளும். ஒரு துண்டு கடக்க அரை வினாடிதான் ஆகிறது என்பதால், கரகரப்பு வந்தாலும் நஷ்டம் சொற்பம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்தால் கம்பி சும்மா கிடக்கும், கட்டணம் மட்டும் ஓடும். அதனால் முதல் துண்டுக்குப் பதில் வருவதற்குள் வழக்கமாக மூன்று துண்டுகள் வரை அனுப்பிவிடலாம். கட்டட வேலையில் கீழே நிற்பவர் முதல் செங்கல் மேல்மாடிக்குப் போய்ச் சேரும்வரை நிற்காமல் அடுத்ததை எடுத்துக் கொடுப்பாரே, அப்படி. ஒவ்வொரு கரகரப்புக்கும் மூன்று துண்டுகளை மறுபடி அனுப்ப நேர்ந்தாலும், நம் கணக்குப்படி ஆகும் கூடுதல் நேரம் கிட்டத்தட்ட அரை நிமிடம். ஒருபோதும் சேராத கட்டுரை மூன்றரை நிமிடத்தில் சேர்ந்துவிடுகிறது! இன்று உங்கள் கைபேசியில் ஓடும், இணையத்தில் தரவை அனுப்பும் முறையான டி.சி.பி.யும் துண்டு, எண், சரிபார்ப்பு, ஒப்புகை என்ற இதே வழியில்தான் நடக்கிறது.

1989இல் பம்பாயிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்த யுயுநெட் என்ற இணையச் சேவை நிறுவனத்துக்கு, எண் சுழற்றாமலே எப்போதும் இணைந்திருக்கும் வினாடிக்கு 9,600 பிட் குத்தகைக் கம்பி வந்தது. இன்றைய 2 எம்.பி. புகைப்படம் ஒன்று அதில் போக அரை மணி நேரம் பிடிக்கும். இலங்கையிலும் 1990களின் தொடக்கத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் லேர்ன்மெயில் என்ற மின்னஞ்சல் சேவையை, எண்ணைச் சுழற்றி இணையும் டயல்-அப் வழியில்தான் ஆரம்பித்தது.

நல்ல கம்பி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இவர்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எர்நெட் பணத்தில் வாங்கிய கருவிகள் எப்போதோ பழைய இரும்பாகியிருக்கும். அதில் வேலை செய்து கற்றுக்கொண்டவர்கள்தான் மிஞ்சினார்கள். பம்பாய் மையத்தை நடத்திய சீனிவாசன் ரமணி 2014இல் இணையப் புகழ் மன்றத்தில் இடம்பெற்றார். இன்று ஒரு கல்லூரி ரூட்டர் வாங்கக் கேட்டால் பணம் கிடைத்துவிடும், அதைப் பராமரிக்கும் ஆளின் சம்பளத்துக்குக் கேட்டால் கிடைப்பதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மாணவிக்கு ஒரு வேலை. பேராசிரியரிடம் அவருடைய முதல் மின்னஞ்சல் முகவரியைக் கேளுங்கள். யு.யு.சி.பி.யில் கடிதம் போகும் வழியையே முகவரியாக எழுத வேண்டும்: எந்தக் கணினி, அதிலிருந்து எந்தக் கணினி, கடைசியில் ஆள், நடுநடுவே ஆச்சரியக்குறி. அமெரிக்கா!பம்பாய்!சென்னை!குமார் என்பது போல. அவருக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கலாம்.