உள்ளுக்குள்ள தாப்பா போட்ட ரூமுக்குள்ள கொலைகாரன் எப்படி போனான்?

டிவி டிடெக்டிவ் சீரியல்ல அடிக்கடி வர்ற சீன் இது, கதவு உள்பக்கம் தாப்பா, ஜன்னல் எல்லாம் மூடியிருக்கு, உள்ள பொணம், உடம்புல ஒரு கீறல் கூட இல்ல. நான் உடனே தேடுறது அடுப்பையும் புகைபோக்கியையும்தான்.

ஏன்னா இது நெஜமாவே நடந்திருக்கு. 1902 செப்டம்பர் 28 ராத்திரி, பாரிஸ், எழுத்தாளர் எமீல் ஸோலா வீடு. குளிருக்கு பெட்ரூம்ல நிலக்கரி மூட்டி, எல்லாத்தையும் மூடிட்டு படுத்தாங்க. நடுராத்திரி மனைவிக்கு தலைவலி, வேலைக்காரங்கள எழுப்பலாமான்னு கேட்டதுக்கு இவர் அஜீரணமா இருக்கும், காலைல சரியாயிடும்னுட்டார். காலைல கதவ உடைச்சு பாத்தா அவர் தரையில செத்துக் கிடக்கார், மனைவி கட்டில்ல நினைவில்லாம, ஆனா உயிரோட.

கொன்னது கார்பன் மோனாக்ஸைடு. புகைபோக்கி அடைச்சா புகை ரூமுக்கே திரும்பும், ஆக்சிஜன் பத்தாம கரி அரைகுறையா எரியும், இந்த வாயு ஏகத்துக்கும் வரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்துல ஹீமோகுளோபின்ல ஆக்சிஜன் உக்காரவேண்டிய எடத்துல இது கர்ச்சீஃப் போட்டு சீட்ட புடிச்சிரும், ஆக்சிஜனவிட 200 மடங்குக்கு மேல பிடிப்பு, லேசுல எந்திரிக்காது. சாதா காத்துல பாதி வெளியேறவே நாலஞ்சு மணி நேரம் ஆகும், அதனாலதான் ஆஸ்பத்திரில சுத்தமான ஆக்சிஜன் குடுக்குறாங்க, அப்ப ஒன்றரை மணி நேரத்துக்குள்ள பாதி போயிடும்.

கோவிட் டைம்ல வாங்கி வெச்சோமே விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர், அதுவும் இதுகிட்ட ஏமாறும், ஆக்சிஜன் ஏறின ரத்தமும் இந்த வாயு ஏறின ரத்தமும் அதுக்கு ஒரே சிவப்பு, ஆக்சிஜன் அளவு 98னு கூலா காட்டும். பொணத்தோட தோல்ல தெரியுற அந்த செர்ரி சிவப்பதான் போஸ்ட்மார்ட்டம் பண்றவங்க மொதல்ல கவனிப்பாங்க.

விசாரணைல அதே ரூம்ல கினி பன்றிகள விட்டு மறுபடி தீ மூட்டிப் பாத்தாங்க, அதுங்க சாகல. விபத்துன்னு கேஸ மூடிட்டாங்க. 1953ல ஒரு பாரிஸ் பேப்பர்ல வந்த விஷயம் வேற, ட்ரைஃபஸ்ங்கிற யூத ராணுவ அதிகாரி மேல பொய்யா போட்ட தேசத்துரோக வழக்குல, அவருக்கு ஆதரவா ஸோலா எடுத்த நிலைப்பாட்ட வெறுத்த ஒரு கூரை வேலைக்காரர், பக்கத்து வீட்டுக் கூரைல வேலை பாத்தப்ப புகைபோக்கிய அடைச்சிட்டு காலைல எடுத்துட்டேன்னு நண்பர்கிட்ட சொன்னாராம். நிரூபிக்க வழியில்ல. ஆனா அடைப்ப எடுத்தாச்சுன்னா கினி பன்றி பொழைக்கத்தானே செய்யும்?