திரும்பி வந்த பொடியனும் பின்னேர ஆறு மணியும்

போதையை விட்டு இரண்டு மூன்று மாதம் வீட்டில் நல்லபடியாக இருந்த பொடியன், கம்பஸுக்குத் திரும்பிய முதல் கிழமையே மறுபடி தொட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டால் நம் சனம் சொல்வது ஒன்றுதான்: "அவனுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை." சரி, மனக்கட்டுப்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் வீட்டில் விழாதவன் ஏன் இங்கே விழுந்தான், முதல் மாதம் தாக்குப்பிடித்தவன் ஏன் மூன்றாம் மாதம் விழுந்தான்? அதற்கு அந்தப் பதில் போதாது. மூளைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டோபமைன் என்றாலே இன்பம் தரும் இரசாயனம் என்று எழுதிவிடுகிறார்கள். அது பாதிக் கதைதான். 1990களில் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து அவற்றின் டோபமைன் நரம்பணுக்களைக் கவனித்தார். ஆரம்பத்தில் சாறு வாயில் பட்டதும் அந்த அணுக்கள் துடித்தன. சாறுக்கு முன்னால் எப்போதும் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு, விளக்கு எரிந்தவுடனேயே துடித்தன. சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கிவிட்டன. ஆக இது கிடைத்ததற்கான துடிப்பு மட்டுமல்ல, கிடைக்கப்போகிறது என்பதற்கான துடிப்பு. ஐஸ் என்கிற மெத் போதைப்பொருள் போன்ற ஒன்று, சோறோ சிரிப்போ ஒருநாளும் எட்டாத அளவுக்கு டோபமைனை ஏற்றிவிடுவதால், அதற்கு முன்னால் எரிந்த விளக்குகள் எல்லாம் மூளையில் ஆழமாகப் பதிந்துபோகின்றன.

கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் படிக்கும் ஒருவனுக்கு அந்த விளக்குகள் என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விடுதிக்குப் பின்னால் உள்ள ஒரு மூலை, எக்ஸாம் முடிந்த பின்னேரம், பேட்ச் ட்ரிப், ஒரு குறிப்பிட்ட மோட்டார் சைக்கிளின் சத்தம், மஹாபொல புலமைப்பரிசில் காசு விழுந்துவிட்டது என்று ஃபோனில் வரும் மெசேஜ். இதில் ஒன்றுகூட வவுனியாவில் அம்மாவின் வீட்டில் இல்லை. அங்கே அவன் நன்றாக இருந்ததில் பாதி, விளக்கு எரியாததால்தான். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கொக்கெய்ன் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்ற 22 ஆண்களுக்கு அந்தப் போதையோடு தொடர்புள்ள படங்களை 33 மில்லிசெக்கன் மட்டும் காட்டினார்கள். என்ன பார்த்தோம் என்றே புரியாத வேகம் அது, ஆனாலும் மூளையின் உணர்ச்சிப் பகுதிகள் விழித்துக்கொண்டன. "எனக்கு அப்படி ஒரு எண்ணமே வரவில்லை, திடீரென்று கை நடுங்கியது" என்று ஒருவன் சொன்னால் அது சாட்டுச் சொல்வதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

அடுத்தது காலம். ஆசை நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். 2001இல் வெளியான எலிப் பரிசோதனை ஒன்றில் நேர்மாறாக நடந்தது: கொக்கெய்ன் நிறுத்தப்பட்ட எலிகள், அதை நினைவூட்டும் சமிக்ஞையைக் கண்டால் அதைத் தேடும் வேகம் முதல் நாளைவிட அறுபதாம் நாளில் அதிகமாக இருந்தது. சிகரெட், குடி, ஐஸ் விட்ட மனிதர்களிடமும் இதுபோன்ற ஏற்றத்தை வேறு ஆய்வுகள் பிறகு காட்டின. இனி நம் வழக்கத்தைப் பாருங்கள். ஒரு மாதம் சிகிச்சை, ஒரு மாதம் வீடு, பிறகு "பிள்ளை தேறிவிட்டான்" என்று புது செமஸ்டருக்கு அனுப்பிவைக்கிறோம். ஏற்றம் உச்சத்தை நெருங்குகிற நேரமாகப் பார்த்து, விளக்குகள் எரியும் இடத்துக்கு.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வியட்நாம் போர் பெரிய சாட்சி. அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெரொயினுக்கு அடிமையாக இருந்தார்கள். 1971இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப்பிடித்து விசாரித்தார். அப்படி அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானது ஏறக்குறைய 5 வீதம் பேர்தான். யாரும் எதிர்பார்க்காத எண் அது. காடும் யுத்தமும் மலிவான தூளும் ஒரு பக்கம். வீடும் வேலையும் இன்னொரு பக்கம். நம் மாணவனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவன் பட்டம் எடுக்க வேண்டும் என்றால் தன் வியட்நாமுக்கே திரும்பி வர வேண்டும்.

இடத்துக்கும் உடலுக்கும் உள்ள இந்த உறவில் ஓர் ஆபத்தான பக்கமும் இருக்கிறது, தூள் பழக்கம் இருந்தவர்களின் நண்பர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஷெப்பர்ட் சீகல் குழு 1982இல் ஹெரொயினுக்குப் பழகிய எலிகளுக்குப் பெரிய அளவு கொடுத்தது. பழகிய அறையில் கொடுத்தபோது 32 வீதம் செத்தன, புது அறையில் 64 வீதம். தாங்கும் சக்தியில் ஒரு பங்கு இடத்தோடு ஒட்டியது. அதோடு, மாதக்கணக்கில் விட்டிருந்தவனின் உடலுக்குப் பழைய தாங்கும் சக்தி இல்லவே இல்லை, ஆனால் கைக்குத் தெரிந்தது பழைய அளவுதான். "ஒருதரம் மட்டும்" என்பது ஆளைக் கொல்வது இப்படித்தான். எழுப்பியும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்தால் வார்டனுக்குப் பயந்து நிற்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகம் 1977இலேயே இப்படிப்பட்ட மாணவர்களுக்கென்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1988இல் அவர்களுக்குத் தனி விடுதியே அமைத்தது. அங்கே பெரிய மருந்து மாயம் ஒன்றும் இல்லை. குடிக்காத கூட்டாளிகள், ஒன்றுகூட ஓர் அறை, கதைக்க ஓர் ஆள், வெள்ளி இரவில் செய்ய வேறு ஒரு வேலை. அறிவுரைக்குப் பதிலாக நேரத்தையும் ஆட்களையும் மாற்றி அமைத்தார்கள், அவ்வளவுதான். எனக்குப் பிடித்ததும் அதுதான், ஏனென்றால் நம்மிடம் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை.

திருமலையில் இதைச் செய்யக் கட்டடம் தேவையில்லை. பின்னேரம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்குமான அந்த வெறும் நேரத்தை நிரப்பினால் பாதி வேலை முடிந்தது. உப்புவெளிக் கரையில் பந்தடிக்கும் கூட்டம், டச்சு பேயில் நடக்கப் போகிறவர்கள், டியூஷன் கொடுக்கும் வேலை, கோயிலோ பள்ளிவாசலோ, எதுவாகவும் இருக்கட்டும். அறையை மாற்றிக் கொடுக்கலாம். மஹாபொல காசை மூன்று மாதத்துக்கு அக்காவின் கணக்குக்குப் போடச் சொல்லலாம், அவனே சம்மதித்தால் மட்டும். பறித்துக்கொண்டால் அது வேறு சண்டை.

ஆசை கிளம்பும்போது அது பெரும்பாலும் அலை மாதிரி ஏறி, உச்சிக்குப் போய், அரைமணி நேரத்துக்குள் இறங்கும் என்று அலன் மார்லட் என்ற உளவியலாளர் கற்பித்தார். எதிர்த்து நிற்காமல் கடக்கவிடுவதுதான் அவருடைய முறை. அறைத்தோழன் செய்ய வேண்டியது அந்த அரைமணிக்கு ஆளைத் தனியே விடாமல் இருப்பது. "மச்சான், வெளிக்கிடு, டீ ஒன்று குடிச்சிட்டு வருவம்" என்பது போதும். "திரும்பவும் அடிச்சியாடா?" என்று சட்டைப்பையைத் தடவுவது அந்த அலைக்கு இன்னும் உயரம் கொடுக்கும். இதைத் தாண்டி உதவி வேண்டுமென்றால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தொலைபேசி இலக்கம் 1927, மனநலத்துக்கு 1926. தினமும் நிறையச் சாராயம் குடித்தவன் மட்டும் தானாகவே ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம், வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

விரிவுரையாளர்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. நோரா வோல்கோவின் குழு 2001இல், ஐஸை விட்டு 12 முதல் 17 மாதங்கள் ஆன ஐந்து பேரின் மூளையை மறுபடி படம் பிடித்தது. டோபமைனை உள்ளே இழுக்கும் புரதங்கள் மூளையின் இரண்டு பகுதிகளில் 19 வீதமும் 16 வீதமும் கூடியிருந்தன. நல்ல செய்தி. ஆனால் நினைவாற்றல் சோதனைகளில் அதே அளவு முன்னேற்றம் தெரியவில்லை. திரும்பி வந்தவன் முதல் செமஸ்டரில் விரிவுரையை மறக்கிறான், கணக்கில் தடுமாறுகிறான் என்றால் மறுபடி தொடங்கிவிட்டான் என்று முடிவு கட்டாதீர்கள். மூளை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. விதிமுறை இடம் கொடுத்தால் அந்த செமஸ்டரில் ஒன்றிரண்டு பாடங்களைக் குறைத்துக் கொடுங்கள், விட்ட எக்ஸாமை அடுத்த பேட்ச்சோடு எழுத விடுங்கள், மருத்துவச் சான்றிதழில் என்ன நோய் என்று கன்டீனில் யாரும் பேசாதபடி அந்தக் கோப்பை ஒரே ஓர் ஆளின் மேசையில் வைத்திருங்கள்.